வெள்ளைக்காரன் சொன்ன சாட்சி

வரதராஜுலுவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் அன்னூரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகப்படுகிற அளவுக்கு இங்கிலீஷ் தெரிந்தவர்கள் அவருடைய டிவியைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். கோவையில் பி.ஏ.வைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர், பிறகு டிவி ரிப்பேர், பிறகு கேபிள் என்று காலத்தோடு தொற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டார். தொண்ணூற்று நாலோ ஐந்தோ, அந்த வருஷங்களில் ஊரில் பாதி வீடுகளுக்கு அவருடைய கம்பிதான் போயிற்று. பகலெல்லாம் பாட்டு, ராத்திரி படம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் 'விண்வெளி விந்தை' என்று அவரே நடத்தும் ஒரு நிகழ்ச்சி.

நிகழ்ச்சி இதுதான். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளை டிவி பேட்டிகள் சில கேசட்டுகளில் அவருக்குக் கிடைத்திருந்தன. சந்திரனுக்குப் போய்விடலாம் என்று கோடு போட்டுக் காட்டும் விஞ்ஞானி, சிகரெட்டைப் புகைத்துக்கொண்டே கேள்வி கேட்கும் கோட்டுக்காரர், பறக்கும் தட்டைப் பார்த்தேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் ஆட்கள். வரதராஜுலு டெக்கில் கேசட்டைப் போட்டு, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்வார். அவர் வாய்க்குள் போன வெள்ளைக்காரர்கள் எல்லோரும் கோயமுத்தூர்க்காரர்களாகத்தான் வெளியே வந்தார்கள்.

"ஏனுங்க, சந்திரனுக்குப் போனாத் திரும்பி வந்தர்லாங்களா?" என்று கோட்டுக்காரர் கேட்பார்.

"அதெல்லாம் வந்தர்லாங்க, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்பார் விஞ்ஞானி.

ஊர் சிரித்துக்கொண்டே பார்த்தது. சிரிக்காமல் பார்த்தவர் ஒருவர்தான். வரதராஜுலுவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஆறுச்சாமி. ஊருக்கு வடக்கே தோட்டம், கிணறு, மாடு கன்று என்று யார் வம்புக்கும் போகாமல் இருக்கிற மனிதர். அவர் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால், அவர் இளவட்டமாக இருந்தபோது நடந்தது. கரண்ட் இல்லாத ஒரு விடியற்காலை, மோட்டாரை நம்பாமல் எருதுகளைப் பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்துக்கொண்டிருந்தார். கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. சோளக்காட்டுக்கு மேலே மயில்கழுத்து நிறத்தில் ஒரு வெளிச்சம் இறங்கி நின்றது. தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி வடிவம். சத்தம் என்று எதுவுமே இல்லை. இழுத்துக்கொண்டிருந்த எருதுகள் இரண்டும் முன்னங்காலை மடித்துப் படுத்துவிட்டன. கிணற்றுத் தண்ணீர் நடுங்கியது. பிறகு ஒரு வாசனை வந்தது. கல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் புகைந்து கிளம்புமே, அந்தச் சூடான வாசனை. வெற்றிலை மடிக்கிற நேரம்கூட இருக்காது, எல்லாம் போய்விட்டது.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னார். அப்பா முதலில் அடித்தார், பிறகு கோயில் பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலை அடிக்கவைத்தார். ஊர் 'வெளிச்சக் கவுண்டர்' என்று பட்டம் வைத்தது. கல்யாணமானதும், கட்டினவளாவது நம்புவாள் என்று வள்ளியாத்தாளிடம் ஆரம்பித்தார். மாடுகள் படுத்த இடம் வரைக்கும் கேட்டவள், "அய்யோ, போதுமுங்க" என்று காதைப் பொத்திக்கொண்டாள். அவள் பிறந்த வீட்டார் வந்து, யாருக்கும் தெரியாமல் அவரைக் கோயமுத்தூருக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று டாக்டர் கேட்டார். அதோடு ஆறுச்சாமி வாயை மூடிக்கொண்டார். வள்ளியாத்தாள் மற்ற எல்லாவற்றிலும் தங்கமான பெண். இந்த ஒன்றில் மட்டும், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்ப்பாள். அவர் விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போனால், ஏதாவது ஒரு சாக்கை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நிற்பாள்.

முழுக் கதையையும் கேட்டவர் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது பஸ் பழுதாகி நின்றுவிட, சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஆறுச்சாமி வரதராஜுலுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வெளிச்சம், எருது, தண்ணீர், சுண்ணாம்பு வாசனை, டாக்டர், ஒன்று விடாமல். வரதராஜுலு சிரிக்கவில்லை. "அப்பறம்? அப்பறம்?" என்று கேட்டார். அந்த 'அப்பறம்' ஒன்றுக்காகவே, செத்தாலும் இவனுக்காகத்தான் சாவேன் என்று ஆறுச்சாமி அன்றைக்கு நினைத்தார்.

அது நடந்து பல வருஷம் கழித்துத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. டிவியில் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்ட ஒரு வெள்ளைக்காரர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். வரதராஜுலுவின் குரல் வந்தது.

"நான் ஒரு விவசாயிங்க. காத்தால நேரமுங்க. மயில்கழுத்துக் கலர்ல ஒரு வெளிச்சம் எறங்குச்சுங்க. என்ற மாடுக ரெண்டும் முன்னங்கால மடிச்சுப் படுத்துருச்சுங்க. கெணத்துத் தண்ணி நடுங்குச்சுங்க. அப்பறம் ஒரு வாசமுங்க... சுண்ணாம்பு நீத்துனா வருமில்லீங்க, அந்த வாசம்."

ஆறுச்சாமி எழுந்து நின்றுவிட்டார். சோற்றுத் தட்டோடு உள்ளே வந்த வள்ளியாத்தாள் வாசலிலேயே நின்றாள். டிவியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நீங்க சொன்னதாச்சே?"

"அந்த வாசமும் இருந்துச்சு வள்ளி. அதச் சொல்றதுக்குள்ளதான் நீ காதப் பொத்திட்ட."

வள்ளியாத்தாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். "கட்டுன புருசன நம்பாமப் போயிட்டனேங்க, நானெல்லாம் ஒரு பொம்பளைங்களா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஆறுச்சாமிக்கு வரவில்லை. வராது. இத்தனை வருஷம் தனக்குத்தான் மூளை பிசகிவிட்டதோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டு இருந்தவன், கடலுக்கு அப்பால் இன்னொருத்தன் அதையே சொல்கிறான் என்று கேட்டால் கணக்குப் பார்த்துக்கொண்டா நிற்பான்? செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். வரதராஜுலுவின் கடை மாடியில் ஏறி, மைக்கை ஆஃப் செய்துகொண்டிருந்த சினேகிதனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கேட்டயாடா ராஜு, கேட்டயா" என்று குழந்தை மாதிரி அழுதார்.

வரதராஜுலு டெக்கைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாண்டா. எனக்கே புல்லரிச்சுப் போச்சு" என்றார்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் ஆறுச்சாமி கெட்ட வார்த்தையில் நாலு திட்டு திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார், ஒரு வாரத்தில் மறந்தும் போயிருப்பார். சொல்லவில்லையே அந்த மனிதர்!

அதன் பிறகு வந்த நாட்கள் ஆறுச்சாமியின் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். வள்ளியாத்தாள் தண்ணீர்க் குழாயடியில், சந்தையில், எங்கே நாலு பேர் நின்றாலும், "எங்க ஊட்டுக்காரரு பாத்தத அமெரிக்காவுலயும் பாத்திருக்காங்க" என்று சொன்னாள். விடியற்காலையில் பின்னால் வந்து காவல் நிற்பதை விட்டுவிட்டாள். சாயங்காலம் மாட்டுக்குத் தீனி போட்டு முடித்ததும், "சித்த மறுக்காச் சொல்லுங்க, அந்த வெளிச்சம் எந்தப் பக்கமா எறங்குச்சு?" என்று பக்கத்தில் வந்து உட்காருவாள். அவர் கையை நீட்டிக் காட்டுவார். அவள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில்கூட இரண்டு பேரும் இப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

வரதராஜுலுவும் சும்மா இருக்கவில்லை. பாட்டுக்கு நடுவே விளம்பரம் ஓட ஆரம்பித்தது. 'அமெரிக்காவில் கண்டது அன்னூரிலும்! நேரில் கண்டவரின் பேட்டி, வரும் ஞாயிறு, நேரடி ஒளிபரப்பு!' வள்ளியாத்தாள் ஈரோட்டிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் சொந்தக்காரர்களை, ஒறம்பரையை எல்லாம் வரச் சொல்லிவிட்டாள். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த அவள் அண்ணன் திருமலைசாமிதான் அன்றைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனவர். அவர் வந்து பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

ஆறுச்சாமிக்கு ஒரு ஆசை. மச்சான் வந்ததும், பேட்டிக்கு முன்னால் அந்த வெள்ளைக்கார விவசாயியைப் போட்டுக் காட்டவேண்டும். வரதராஜுலுவிடம் கேசட் கேட்டார். "அது அப்பவே திருப்பிக் குடுத்துட்டேனே" என்று வரதராஜுலு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். திருப்பிக் கொடுத்தால் என்ன, கடை இல்லாமலா போகும்? மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்கக் கோயமுத்தூர் போன ஆறுச்சாமி, கேசட் எடுத்த இடத்தை விசாரித்துக் கோட்டைமேட்டுக்குப் போனார். வீடியோ லைப்ரரியை நடத்தியது ஜாஹிதா என்கிற அம்மா. கான்வென்டில் டீச்சராக இருந்து, கடையைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டவர். அவருடைய தம்பி துபாயிலிருந்து அனுப்பிய கேசட்டுகள் அவை.

"காப்பி எடுத்துத் தர்றனுங்ணா, ஒண்ணும் சிரமமில்லை. எந்த ஆளுன்னு மட்டும் காட்டுங்க" என்று ஜாஹிதா கேசட்டைப் போட்டார். சத்தத்தோடு.

தொப்பிக்காரர் வந்தார். ஆறுச்சாமிக்குச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. "இவருதானுங்க! இவரு சொல்றத நீங்களும் கேளுங்க, மாடு படுத்ததெல்லாம் சொல்லுவாரு."

ஜாஹிதா கொஞ்ச நேரம் கேட்டார். "இவரு விவசாயி இல்லீங்ணா. ரோட்டோரத்துல பலகாரக் கடை வச்சிருக்கறாராம்."

"செரி, தோட்டமும் இருக்குமுங்க."

"வெள்ளி கிரகத்துல இருந்து ஆளுங்க வந்து கைகுடுத்தாங்களாம். எல்லாரும் நல்லா செவப்பா அழகா இருந்தாங்களாம். சண்டை போடாதீங்கன்னு ஒலகத்துக்குச் சொல்லச் சொன்னாங்களாம்." ஜாஹிதாவுக்குச் சிரிப்பு வந்தது. "அடுத்த மாசம் ஒரு கூட்டம் போடறாராம். டிக்கெட்ட இப்பவே வாங்கிக்கணுமாம்."

"மாடுங்க?"

"மாட்டப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லீங்ணா."

"மறுக்காப் போடுங்க."

மறுபடியும் போட்டார். தண்ணீர் நடுங்கியது உண்டா என்று ஆறுச்சாமி கேட்டார். இல்லை. மயில்கழுத்து நிறம்? இல்லை. கடைசியாக, கேட்கவே பயந்து, "சுண்ணாம்பு வாசம்?" என்றார்.

"சுண்ணாம்பா? அமெரிக்காக்காரனுக்கு ஏதுங்ணா சுண்ணாம்பு?" என்று சிரித்த ஜாஹிதா, அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஒக்காருங்ணா. தண்ணி குடிக்கறீங்களா?"

கேசட் காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மோட்டார் சாமானை வாங்கவும் மறந்துபோனார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, புளியமரத்தடியில் தான் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நிறம் தன்னுடையது. எருது தன்னுடையது. பெற்ற அப்பனிடமும் கட்டினவளிடமும் போய்ச் சேராத அந்த வாசனையும் தன்னுடையது. கூடப் படித்தவன் அதை எடுத்து முன்பின் தெரியாத ஒரு பலகாரக் கடைக்காரன் வாயில் வைத்து ஊருக்கு விற்றுவிட்டான். விற்றுவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அழுதவனைப் பார்த்துப் புல்லரித்தது என்றும் சொன்னான். ஆறுச்சாமிக்கு ஆத்திரமாக இருந்தது. அவமானமாகவும் இருந்தது.

வீட்டில் வள்ளியாத்தாள் ஒறம்பரைக்காக ஒப்புட்டுக்குப் பருப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரால் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஆறுச்சாமி கடை மாடிக்குப் போனார். சுவரில் நீலப் போர்வை கட்டியிருந்தது. எதிரே இரண்டு நாற்காலிகள், ஸ்டூல்மேல் கேமரா. வரதராஜுலு டை கட்டி, பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கோயமுத்தூர் போயிருந்தேன் ராஜு. அந்தம்மா கேசட்டச் சத்தத்தோட போட்டுக் காட்டுனாங்க."

வரதராஜுலு மளமளவென்று பேசினார். "தப்புத்தாண்டா. அன்னிக்கி அந்தாளு பேசுனது சப்புனு இருந்துச்சு. டிக்கெட் வாங்கு, டிக்கெட் வாங்குன்னே சொல்லிட்டிருக்கறான். ஊரே பாத்துட்டிருக்குது, நான் என்னத்தச் சொல்றது? உன்ற கதை வாயில வந்துருச்சு. உன்ற பேரச் சொல்லலையேடா?"

"வாசத்தச் சொன்னயே."

"அதுதாண்டா எடுபட்டுது."

வரதராஜுலு டையைச் சரிசெய்துகொண்டே தொடர்ந்தார்.

"நீ ஓடி வந்து அழுவற. அப்பப் போயி எப்படிச் சொல்றது? உன்ற சந்தோசத்தக் கெடுக்க வேண்டாம்னுதான் இருந்துபோட்டேன்."

"ஒலகத்துல இன்னொருத்தனும் பாத்திருக்கான்னு இருந்தேண்டா. நாங் கிறுக்கனில்லைன்னு இருந்தேன். அந்த இன்னொருத்தனும் நானேதானா?"

வரதராஜுலு கடிகாரத்தைப் பார்த்தார். இவ்வளவுக்கும் நடுவில் கடிகாரத்தைப் பார்த்தார்! "இப்ப ஒக்காருடா. உன்னைப் பொய்யா சொல்லச் சொல்றேன்? பாத்தத அப்படியே சொல்லு. ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா ஊரே நம்பும். உன்ற மச்சான் நம்புவாரு. வள்ளியாத்தா சாகற வரைக்கும் உன்னைய நம்பும். அதவிட உனக்கு என்ன வேணும்?"

எங்கே அடித்தால் விழுவான் என்று தெரிந்து வைத்திருந்தார். ஆறுச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். கேசட் விஷயத்தைச் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தார். தெருக்கோடியில் தன் வீட்டில் பாயைப் போட்டு, அண்ணனை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்திருப்பவளை நினைத்தார். இனிமேல் எந்தச் சாயங்காலமும் அவள் பக்கத்தில் வந்து உட்காரும்போது, அந்தப் பலகாரக் கடைக்காரனும் நடுவில் உட்கார்ந்திருப்பான். அதை நினைத்தபோதுதான் அவருக்கு மறைக்க முடியாமல் போயிற்று.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. வரதராஜுலு கும்பிட்டார். "வணக்கமுங்க. அமெரிக்க விவசாயி பாத்த அதே காட்சிய நம்மூர்லயும் ஒருத்தர் பாத்திருக்காருங்க. சொல்லுங்க ஆறுச்சாமி, நீங்க என்ன பாத்தீங்க?"

"அமெரிக்காக்காரரு ஒண்ணும் பாக்கலீங்க" என்றார் ஆறுச்சாமி. "அந்த மனுசன் சொன்னதா இவரு சொன்னதெல்லாம் நான் சொன்னதுங்க. இவருகிட்ட மட்டும் நம்பிச் சொன்னதுங்க. அத எடுத்து அந்தாளு பேர்ல போட்டுட்டாருங்க. ஆனா நாங் கண்டது நெசமுங்க. சத்தியமா நெசமுங்க."

வரதராஜுலுவின் முகத்தில் பவுடருக்கு மேலே வேர்த்தது. ஒரு கணம்தான். பிறகு கேமராவைப் பார்த்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"நேயர்கள் மன்னிக்கோணுமுங்க. நம்ம ஆறுச்சாமிக்குக் கொஞ்ச நாளா ஒடம்பு செரியில்லீங்க. கல்யாணமான புதுசுலயே கோயமுத்தூர்ல டாக்டர்கிட்டக் காட்டியிருக்காங்க. சினேகிதன்ங்கற மொறையில எனக்குத் தெரியும். எல்லாரும் அவருக்காகச் சாமியக் கும்பிட்டுக்குங்க. இப்ப ஒரு பாட்டு."

பாட்டு ஓடியது. ஆறுச்சாமி எழுந்து படியிறங்கினார். வரதராஜுலு பின்னால் வந்து என்னவோ சொன்னார், அவர் திரும்பவில்லை.

வீட்டில் ஒறம்பரை கிளம்பிவிட்டிருந்தது. திருமலைசாமி மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "ஒடம்பப் பாத்துக்குங்க மாப்ள" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று ஆறுச்சாமிக்குத் தோன்றியது.

வள்ளியாத்தாள் மடித்த பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிவி அணைந்திருந்தது.

"டாக்டர் விசயத்தக்கூட அவருகிட்டச் சொல்லியிருந்தீங்களா?"

"சினேகிதன்னு சொன்னேன்."

"நாங்க யாருகிட்டயும் மூச்சு உடலீங்க. எங்கண்ணங்கூட அண்ணிகிட்டச் சொன்னதில்லீங்க. இன்னிக்கி ஊருக்கே தெரிஞ்சு போச்சு." அவளுக்குக் கோபமில்லை. அழுது ஓய்ந்த முகம். "சும்மா பேட்டியக் குடுத்துட்டு வந்திருந்தா என்னங்க?"

ஆறுச்சாமி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "அவன் கெடக்கறான் வள்ளி. ஊரும் என்னமோ பேசிட்டுப் போகுது. நீ என்னைய நம்புனயே இத்தன நாளு, எனக்கு அது போதும். நாங் கண்டது நெசந்தான். உனக்குத் தெரியுமில்ல?"

வள்ளியாத்தாளுக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவருக்குப் பிடித்ததே அதுதான். அவரைப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற அதே பார்வை.

"உங்கள எங்கீங்க நம்புனேன்?" என்றாள் மெதுவாக. "அந்த வெள்ளக்காரன நம்புனேனுங்க."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய், அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். ஆறுச்சாமி தின்று முடித்தார்.